அடக்கினது போதும்

சுங்கச்சாவடியின் ஏழாம் கூண்டில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருக்க முடியும். இடையில் ஆளை மாற்றிவிட முன்பு ஒரு பெண் இருந்தாள். சிக்கனம் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். கழிப்பறையோ ஆறு வரிசைகளைத் தாண்டி, அலுவலகத்துக்குப் பின்னால். ஏழாம் கூண்டுக்காரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தண்ணீரே குடிக்கமாட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவாள், அவ்வளவுதான்.

"எப்படிடி தாங்குற?" என்று ஆறாம் கூண்டு அக்கா கேட்டால், "பழகிடுச்சுக்கா" என்பாள் பெருமையாக.

பழகியது அவளுக்குத்தான், உடம்புக்கு இல்லை. ஒரு நாள் விலாவுக்குக் கீழே முதுகில் கத்தியால் குத்தியதுபோல் வலித்தது. பற்கள் கிட்டிக்கும்படி குளிர்ஜுரம். வெல்டிங் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த கணவன், அவளை மருத்துவமனையில் சேர்த்தான்.

மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"வேலை நேரத்துல குடிக்கறதில்ல டாக்டர். போக முடியாதே."

"கிட்னி சும்மா ஒண்ணுக்குப் போக வைக்கிற பை இல்லம்மா. ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டுது. அதுல ஒண்ணரை லிட்டர், ரெண்டு லிட்டரைத்தான் வெளியே விடுது. மிச்சத்தையெல்லாம் திருப்பி ரத்தத்துக்கே கொடுக்குது. எவ்வளவு உப்பு இருக்கணும், எவ்வளவு தண்ணி இருக்கணும்னு நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்குப் பார்த்துக்கிட்டே இருக்கு."

"நான் குடிக்கலைன்னா?"

"தண்ணி குறையுதுன்னு மூளை தகவல் அனுப்பும். கிட்னி உடனே கையை இறுக்கிடும், சொட்டு சொட்டா மிச்சம் பிடிக்கும். ஆனா கழிவு வெளியே போய்த்தானே ஆகணும்? கொஞ்சூண்டு தண்ணியில அத்தனையும் கெட்டியாகும். அதுதான் மஞ்சளா, எரிச்சலா போகுது. அதுதான் கல்லாவும் ஆகுது. போதாக்குறைக்கு வர்றதையும் அடக்குறீங்க. கிருமி கீழே இருந்து மேலே ஏறி, கிட்னி வரைக்கும் போயிடுச்சு." மருத்துவர் பேனாவை மூடினார். "மாத்திரை நான் தருவேன். அந்தக் கூண்டுக் கதவை நான் வந்து திறக்க முடியாது."

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஒன்பது மணிக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாள். ஒன்பதரைக்கு மேற்பார்வையாளரை இன்டர்காமில் அழைத்தாள்.

"ஆள் இல்லம்மா, அடக்கிக்கோ. வண்டி நிக்குது பாரு."

ஜன்னலருகே நின்ற காரை அனுப்பினாள். தடுப்புக் கட்டையை இறக்கினாள். 'வழி மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"யாரைக் கேட்டு மூடினே?"

"என் கிட்னியைக் கேட்டு. வழிய விடுங்க சார்."

மதியமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதன் கீழேயே, 'சிறுநீர் கழிக்கச் சென்றேன். நாளையும் செல்வேன்' என்று எழுதி, மருத்துவச் சான்றை இணைத்துக் கையெழுத்துப் போட்டாள். "வேலை போயிடும்டி" என்று அதை வாங்கிப் படித்த அக்கா பதறினாள். ஆனால் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. "எனக்கும் ரெண்டு மாசமா எரிச்சல்தான்" என்று தாழ்ந்த குரலில் சொல்லித் தன் பெயரையும் எழுதினாள். சாயங்காலத்துக்குள் எட்டுக் கூண்டுக்காரிகளும் எழுதிவிட்டார்கள். ஒரு நகல் தொழிலாளர் துறைக்கும் போனது.

மேலாளர் அவளை அழைத்தார். "இதையெல்லாமா கடிதத்துல எழுதுவாங்க? வெக்கமா இல்ல?"

"ஒண்ணுக்குப் போறதுல என்ன சார் வெக்கம்? எட்டு மணி நேரம் போகவிடாம ஒரு பொம்பளைய பூட்டி வைக்கறீங்களே, அதுக்குத்தான் யாராவது வெக்கப்படணும்."

அவர் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அடுத்த வாரமே மாற்று ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கூண்டுகளுக்கு அருகிலேயே கழிப்பறை கட்டக் குழி தோண்டினார்கள்.

"அடம் பிடிச்சே சாதிச்சுட்டே" என்றார் மேற்பார்வையாளர், கசப்பாக.

"அடம் இல்ல சார்," என்றாள் அவள். "அடக்கிக்கறதுதான் பொறுமைன்னு எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டாங்க. அது பொறுமை இல்ல, நம்ம உடம்புக்கு நாமே செய்யற துரோகம். அந்தத் துரோகத்தைச் செஞ்சாதான் சம்பளம்னு யார் சொன்னாலும், முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லணும்."