காலாள் வீட்டுப் பிரபு

எங்கள் பிரபு சாவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் பார்த்திருக்க முடியாது. வயது பதினாறு. பதினேழு ஆகாத பிரபுவுக்குத் தத்து எடுக்கும் உரிமையில்லை. வாரிசில்லாமல் செத்தால் எடோவிலிருந்து ஜப்பானையே ஆளும் ஷோகுன் அரசு சமஸ்தானத்தையே பிடுங்கிக்கொள்ளும். ஒசானோ கையகல சமஸ்தானம்தான். ஆனாலும் அத்தனை சாமுராய்க் குடும்பமும் தெருவுக்கு வந்துவிடுமே!

மந்திரி குராமோட்டோ என்னை அழைத்தார். நான் காலாள் வீட்டுப் பையன், ஹெய்ஷிரோ. பிரபுவின் வயது, பிரபுவின் ஜாடை. எல்லாம் என் தலையெழுத்து.

“டேய், போய் அந்தப் படுக்கையில படு.”

படுத்தேன். உடனே கைகளை ஊன்றி வணங்கினார். “பிரபு, இப்ப உடம்பு தேவலையா?”

“ஐயா, விளையாடாதீங்க. அம்மா சோறு வச்சுக்கிட்டுக் காத்திருக்கும்.”

“ஒரு வருஷம்தான். பதினேழு ஆனதும் தத்து எடுத்துட்டு, ஓய்வு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.”

நம்பினேன், மடையன். பிரபுவின் உடலை என் பெயரில் புதைத்தார்கள். தொற்றுக் காய்ச்சல் என்று சொல்லி, அம்மாவைப் பெட்டியைத் திறக்கவிடவில்லை.

அந்த வருஷம் முழுக்க எனக்கு மீனில் முள் எடுத்துத் தந்தார்கள், வாசலைத் தாண்ட விடவில்லை. தத்து முடிந்ததும், “வீட்டுக்குப் போறேன்” என்றேன்.

“யாரா போவீங்க பிரபு? ஹெய்ஷிரோதான் செத்தாச்சே. நீங்க இனிமே எடோவுல இருக்கற நம்ம மாளிகையிலதான் இருக்கணும். விஷயம் கசிஞ்சா சமஸ்தானமும் போச்சு, உங்க அம்மா தலையும் போச்சு.”

பாவி மனுஷன், அதையும் மரியாதையாகவே சொன்னார்.

எடோவுக்குப் பல்லக்கில் கிளம்பினோம். ஊரே வழியோரம் மண்டியிட்டுத் தலை கவிழ்ந்திருந்தது. எங்கள் தெருமுனையில் அம்மா, பக்கத்தில் தம்பி. என்னால் அடக்க முடியவில்லை. வீடு திரும்பும்போதெல்லாம், ‘சோறு எடுத்து வை’ என்று அந்த முனையிலிருந்து சீழ்க்கை அடிப்பேன். அதை அடித்துவிட்டேன்.

அம்மா நிமிர்ந்தாள். பல்லக்கின் திரை இடுக்கில் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது.

“ஏ பொம்பள, தலையக் குனி!” என்று காவலன் ஓடி வந்தான். தம்பியும் என்னைப் பார்க்கத் தலையைத் தூக்கினான். அம்மா அவன் பிடரியைப் பிடித்து மண்ணில் அமுக்கினாள்.

“மன்னிச்சுடுங்க பிரபு,” என்றாள். “செத்துப்போன எம்புள்ள இப்படித்தான் சீழ்க்கை அடிப்பான்.”

பல்லக்கு நகர்ந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் முதுகு குலுங்கியது. தலை மட்டும் நிமிரவேயில்லை.