ஒண்ணரை இஞ்சுக் குழாய்

சைலன்சர் குழாயின் வாயில் ஸ்கேலை வைத்துப் பார்த்ததுமே பர்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டரை இஞ்சு! மூன்று சிலிண்டர் மாருதி 800-க்கு, அதுவும் அவள் பிறப்பதற்கு முன்பே வாப்பா மூசா ஷார்ஜா சம்பாத்தியத்தில் வாங்கிப்போட்ட வண்டிக்கு, லாரிக் குழாயை மாட்டி வைத்திருந்தான் அண்ணன் சுஹைப். மாட்டிக் கொடுத்தவர் குத்துக்கல்வலசையில் பட்டறை வைத்திருக்கும் மகாராஜா. குழாய் பெரிசானால் புகை லேசாகப் போகும், வண்டி பிய்த்துக்கொண்டு பறக்கும் என்பது இருவருக்கும் வேதவாக்கு.

பறந்தது சத்தம் மட்டும்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி ஏற்றத்தில், சாரல் சீசன் நெரிசலில் நின்ற வண்டி மறுபடி நகரவே இல்லை. உம்மா சைதூன் பீவியை இறக்கி, சித்தி பிள்ளைகள் மூவரையும் இறக்கி, பிரியாணிச் சட்டியையும் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். பின்னால் நின்ற வேன்காரர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சுஹைப் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை செங்கோட்டையிலிருந்து பழைய வண்டி வியாபாரி வந்து வாங்கி ஓட்டிப்போவதாகப் பேச்சு.

குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவள் பர்சானா, அதுவும் மெக்கானிக்கல். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளத்தான் அந்தப் படிப்பு இதுவரை உதவியிருக்கிறது.

"குழாய் அகலமானா புகை சோம்பிப்போயிரும். வேகமாப் போனாத்தான் பின்னால நிக்க புகையையும் சேத்து இழுத்துட்டுப் போகும். ஒண்ணரை இஞ்சு போதும்" என்று பட்டறைக்கே போய் இருவரிடமும் சொன்னாள்.

"படிச்ச பிள்ளைல்லா, பேப்பர்லயே வண்டி ஓட்டிரும்" என்றார் மகாராஜா.

சுஹைப் சிரித்துவிட்டுப் பந்தயம் வைத்தான். வியாழக்கிழமை அதே ஏற்றம், அதே சுமை. ஒருத்தரும் இறங்காமல் ஏற்றிவிட்டால் வண்டி அவளுக்கு. இல்லையென்றால் வியாபாரிக்கு.

மூன்று நாள் கிரில் பட்டறை ஒன்றில் வெல்டிங் மிஷினைக் கேட்டு வாங்கி வேலை செய்தாள். சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று குழாய்கள், மூன்றும் ஒரே நீளம், கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து ஒண்ணரை இஞ்சில் முடிந்தன. ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் ஜெட்டை ஒரு அளவு பெரிய துளை உள்ளதாக மாற்றினாள். நெருப்புப் பொறி தெறித்து சுடிதார் கையில் ஏழெட்டு ஓட்டை.

வியாழக்கிழமை சாரல். எல்லாரும் ஏறிய பிறகு, அண்ணாச்சியும் வரட்டும் என்று மகாராஜாவை முன்சீட்டில் உட்காரவைத்தான் சுஹைப். ஞாயிற்றுக்கிழமை இல்லாத சுமை அது, நல்ல கனத்த சுமை. அவள் வாயைத் திறப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கியரைப் போட்டாள்.

பாதி ஏற்றத்தில் முன்னால் போன வேன் நின்றது. இவளும் நிறுத்தினாள். வேன் நகர்ந்ததும் ஹேண்ட்பிரேக்கை மெல்ல விட்டாள். ஈர ரோட்டில் டயர் ஒரு நொடி வழுக்கியது, பிறகு பிடித்தது. சத்தம் போடாமல், முனகாமல், முதல் கியரிலேயே வண்டி மேலே போனது.

அருவிக்கரையில் இறங்கிய மகாராஜா வானத்தைப் பார்த்தார். "குளுந்த காத்துல்லா, அதான் இழுத்திருக்கு."

"ஞாயித்துக்கிழமை மட்டும் வெயிலா அடிச்சுது, அண்ணாச்சி?" என்றாள் பர்சானா.

அவர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார், பஸ்ஸில் வந்துகொள்வாராம்.

குளித்துவிட்டுத் திரும்பும்போது சுஹைப் கையை நீட்டினான். "சாவியக் குடுட்டி. இந்தக் கூட்டத்துல பொட்டப்பிள்ளை ஓட்டுனா ஒருமாதிரி பாக்கானுவ."

"நீ தள்ளுனப்பயும் பாக்கத்தான் செஞ்சானுவ. வண்டி என்னுது. வாரதுன்னா பின்னால ஏறு."

அவன் உம்மாவைப் பார்த்தான். உம்மா முன்கதவைத் திறந்து, ஈரச் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பர்சானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தி பிள்ளைகளுக்கு நடுவே சுஹைப் தன்னைத் திணித்துக்கொண்டான்.

"எடு" என்றான்.

"மொதல்ல செங்கோட்டைக்குப் போனைப் போடு. வண்டி விக்கிறதுக்கில்லைன்னு சொல்லு. என் காதுல விழுதமாரி சொல்லணும்."

கண்ணாடியில் அவனையே பார்த்தபடி, எஞ்சினை ஆன் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். நாலாவது ஹாரனுக்குத்தான் சுஹைப் போனை எடுத்தான்.