மார்லிஸ் நிரப்பிய படிவம்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். மன்ரோ நகரத்து ஆண்கள் அந்த இருவரிடமும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கேம்ஷாஃப்ட் அரைப்பவரிடம் சொல்லிவிடுவார்கள்.

அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டுவேன் ஷ்ரைபர் அந்தத் திருப்பணியைத்தான் செய்துகொண்டிருந்தான். மஸ்கீகனில் தனியாளாகப் பட்டறை வைத்திருக்கும் வர்ஜில், வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பும் படிவத்தைப் பார்த்து, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டை அந்தக் காருக்கென்றே அரைத்துத் தருவார். காரின் எடை என்ன, ஓட்டுபவர் எடை என்ன, எதற்காக ஓட்டுகிறீர்கள் என்று பதினாறு கேள்விகள். டுவேன் பதினாறுக்கும் கூசாமல் புளுகினான்.

அவன் மனைவி மார்லிஸ் தட்டைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பந்தயம் எண்பது சதவீதமா? நீ பந்தயத் திடல் பக்கம் போயே ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கும் மழை. ஹாட் டாக் தின்னுட்டுத் திரும்பி வந்தே."

"உனக்குப் புரியாது மார்லிஸ். நாம எண்பதுன்னு போட்டாத்தான் அந்த ஆள் அறுபதுக்காவது அரைப்பான்."

"அவருக்கு மட்டும் அது தெரியாதாக்கும்?"

டுவேன் தன் எடைக்கு நேரே நூற்றுத் தொண்ணூறு பவுண்டு என்று எழுதினான். நாற்காலி முனகியது.

பெரிய கேம் போட்டால் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் தடுக்கித் தடுக்கி, வண்டியே குலுங்குகிற மாதிரி முழங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரும்புக் கடைக்குப் பின்னால் இருக்கிற வண்டி நிறுத்துமிடத்தில் அந்த முழக்கத்துக்குத்தான் மரியாதை. அங்கே யாரும் ஓட்டுவதில்லை. பானெட்டைத் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பார்கள். வீட்டில் பெண்டாட்டி சொல்வதை ஒரு நிமிஷம் அப்படிக் கேட்டிருந்தால் ஊரில் பாதிச் சண்டை இருந்திருக்காது.

முன்பு வைத்திருந்த செவெல் காரிலும் டுவேன் இப்படித்தான் ஒரு ராட்சச கேமைப் போட்டான். பெட்ரோல் நாற்றம், உடம்பெல்லாம் உதறல், சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் அணையும். மார்லிஸ் அதில் ஒரே ஒரு முறைதான் போனாள். பிறகு பதினொரு வருஷம் அவன் தனியாகவே போய்வந்தான். இளைய மகளும் வேலைக்கென்று சிகாகோ போனபின், இந்தக் கமாரோ காரை வாங்கியபோது, ஆகஸ்டில் இருவரும் எஸ்கனாபாவுக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போவதென்று பேச்சு. ஏழு மணி நேரம், இரண்டு பேர் மட்டும். அவளுக்கு அது வேண்டும். அக்காவைப் பார்ப்பதுகூட அப்புறம்தான்.

"காலையில வேலைக்குப் போறப்போ தபால்ல போட்டுடு" என்று டுவேன் உறையை அவளிடமே கொடுத்தான். பூனையிடம் பாலைக் காவல் வைத்த கதை.

மார்லிஸ் பள்ளிப் பேருந்துகளை வழிக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள்; வண்டியின் எடையைக் குத்துமதிப்பாக எழுதுவது அவளுக்கு ஆகாது. கமாரோவை எடுத்துக்கொண்டு நேரே ஜல்லிக் கிடங்குக்குப் போய் எடைமேடையில் ஏற்றினாள். டுவேன் எழுதியதைவிட முந்நூற்று இருபது பவுண்டு அதிகம். புதிதாக ஒரு படிவத்தை அச்செடுத்து, பதினாறு கேள்விக்கும் உள்ளது உள்ளபடி எழுதி, அதைத் தபாலில் சேர்த்தாள். டுவேனின் படிவம் அலுவலகக் குப்பைக்கூடைக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பெட்டி வந்தது. பக்கத்து வீட்டு ரெக்ஸ் லாபோ மூக்கில் வியர்த்தவன் மாதிரி அதற்கு முன்பே கராஜுக்கு வந்து சேர்ந்திருந்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவன் கார்தான் எல்லாவற்றையும்விடச் சத்தம்.

டுவேன் பெட்டியிலிருந்த அட்டையை எடுத்து, வால்வு திறந்திருக்கும் அளவைப் படித்தான். முகம் சுருங்கியது.

"இருநூத்திப் பதினாறா? நான் இருநூத்தி நாப்பது எதிர்பாத்தேன்! இது என்ன, புல்வெட்டுற மெஷினுக்கா?"

"போடு, போடு" என்றான் ரெக்ஸ். "சர்ச்சுக்குப் போக நல்லா இருக்கும். பிரசங்கம் நடக்குறப்பவே ஸ்டார்ட் பண்ணலாம், ஒருத்தருக்கும் கேக்காது."

டுவேன் அங்கேயே வர்ஜிலைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டான். துவைத்த துணிக் கூடையோடு வந்த மார்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வேற எவனோ கேமை எனக்கு அனுப்பிட்டீங்க!"

"ஷ்ரைபர், மன்ரோ. படிவம் கையிலதான் இருக்கு" என்றார் வர்ஜில். "படிக்கறேன், கேளு. பயன்பாடு: மளிகைக் கடை, பல் டாக்டர், வெள்ளிக்கிழமை சும்மா நிக்கிறது. பந்தயம்: இல்லை. ஒரு தடவை ஹாட் டாக் சாப்பிடப் போனது. ஓட்டுபவர் எடை: இருநூத்தி முப்பத்தாறு. டாக்டர்கிட்ட போனப்போ நானும் கூட இருந்தேன்."

ரெக்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டுவேன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கூடையிலிருந்த ஒரு காலுறையை ரொம்ப அக்கறையாக மடித்தாள்.

"கடைசியில வேற ஏதாவதுன்னு ஒரு கட்டம் இருக்கும்ல" என்றார் வர்ஜில். "எல்லாரும் அதுல இன்னும் கொஞ்சம் பெரிசான்னு எழுதுவாங்க. இதுல இப்படி இருக்கு: போன கார்ல என் புருஷன் பதினொரு வருஷம் தனியாப் போனான். இதுல நான் பக்கத்துல உக்காரணும். அவன் பேசுறது எனக்குக் கேக்கணும்."

ரெக்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அடுத்த வாசலில் நின்ற தன் காரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பு, பெரிசாவே அரைச்சுத் தர்றேன்" என்றார் வர்ஜில். "பொய்க்கும் அரைப்பேன். என் பொழப்பே அதுலதான் ஓடுது."

டுவேன் போனை வைத்தான். அவன் திருப்பி அனுப்பினால் எஸ்கனாபா போச்சு. அடுத்த பதினொரு வருஷமும் போச்சு. ஒரு சண்டையாவது போடுவான் என்று மார்லிஸ் காத்திருந்தாள். அவன் போடவில்லை.

"ரெக்ஸ், அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கமாரோவைச் சுற்றி நின்றவர்கள், எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். டுவேன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ரெக்ஸின் மனைவி வந்து, வெற்றுப் படிவம் ஒன்று கிடைக்குமா என்று மார்லிஸிடம் காதோடு காதாகக் கேட்டாள்.

ஆகஸ்டில் கிளம்பினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஊர் எல்லை தாண்டியதும் டுவேன் பேச ஆரம்பித்தான். என்ன பேசினான் என்கிறீர்கள்? கேம்ஷாஃப்ட்தான். வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும், வர்ஜில் ஏன் இருநூற்றுப் பதினாறில் நிறுத்தினார், இருநூற்றுப் பதினெட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். ஃப்ளின்ட் வந்தது, சாகினா வந்தது, மேக்கினா பாலமே வந்தது, பேச்சு நிற்கவில்லை. அவனை அப்படியே ஏரியில் தள்ளிவிடலாமா என்று மார்லிஸுக்குத் தோன்றியது. இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் தோன்றியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் அவன் கேம்ஷாஃப்டை விட்டுவிட்டுக் கேட்டான்.

"அந்தச் செவெல்ல உனக்கு வரப் பிடிக்கலைன்னு ஏன் ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"சொன்னேனே" என்றாள் மார்லிஸ். "அந்த ஒரு தடவை, உன் பக்கத்துல உக்காந்துதான் சொன்னேன். நீ தலையாட்டிட்டு, சத்தம் பிரமாதமா இருக்குல்லன்னே."