பஞ்சு அடைத்த ரத்தம்

சின்னக்கானலுக்கு மேலே, எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில், புஷ்பமேரி தன் புருஷன் சுடலையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க அவை உள்ளே மடங்கின. பத்து நாளாக ஓயாத வாந்தி. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய கை, இப்போது கஞ்சிக் கிண்ணத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

போன வாரம் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் எஸ்டேட் டாக்டர். அமிலத்தை முறிக்கத் தினமும் ஆறு வேளை சோடா உப்புக் கரைசல். அதைக் குடித்த பிறகுதான் விரல்கள் மடங்கத் தொடங்கின. டாக்டர் நோய் முற்றிவிட்டதாக நினைத்து, வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"குடிக்கக் குடிக்கக் கூடுதே, இதென்ன மருந்து?" என்று கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சுடலையை லாரியில் ஏற்றிப் போடிமெட்டு இறங்கி, மதுரைக்கு அவளே கொண்டுபோனாள்.

லேப்காரர் சைனுதீன் ரத்தத்தைக் காற்றுப் படாமல் எண்ணெய்க்கு அடியில் பிடித்து, இறுக மூடி, உடனே அளந்தார்.

"அமிலமே இல்லம்மா. வாந்தியில அமிலம் போயி, சோடாவும் சேந்து காரம்தான் கூடிக் கெடக்கு; அதான் வெரலு மடங்குது. சோடாவ இன்னிக்கே நிறுத்து. மொதல்ல அனுப்புன ரத்தம் எப்படி அடச்சு வந்துச்சு?"

"பஞ்சு அடச்சு அனுப்புனாக. மலப்பாதையில கார்க்கு தெறிச்சிரும்னு எங்க கம்பவுண்டரு எல்லா பாட்டிலுக்கும் பஞ்சுதான் வைப்பாரு."

"மருந்துக்குச் சரி. ரத்தத்துல கரைஞ்ச காத்தத்தான நாங்க அளக்கோம்? ஒரு நாள் பூரா அது பஞ்சு வழியாப் போயிட்டா, அமிலம் ஏறுன மாதிரிதான் காட்டும்."

மதுரை ஆஸ்பத்திரியில் சோடாவை நிறுத்தி, வெறும் உப்புத்தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வாந்தி நின்றது; விரல்கள் நிமிர்ந்தன. இருவரும் புது ரிப்போர்ட்டோடு நேரே எஸ்டேட் ஆபீசுக்கு வந்தார்கள்.

கிளார்க் பஞ்சாபகேசன் காகிதத்தைத் தொடாமலே பார்த்தார். "இது நம்ம டாக்டர் அனுப்பிச்ச ரத்தமில்லையே. ஃபைல்ல இருக்கறதுதான் செல்லும். புது ஆள் போட்டாச்சு. கணக்கு முடிச்ச இந்தக் காகிதத்துல கைரேகை வெச்சுட்டு லயத்தை ஒழிச்சுக் குடு."

மைப்பெட்டியைத் திறந்து சுடலையின் பக்கம் தள்ளினார்.

"கவாத்துக் கத்தி பிடிக்க லாயக்கில்லாத கையி, ரேகை வைக்க மட்டும் லாயக்கா சாமி?" என்றாள் புஷ்பமேரி. மைப்பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கிளார்க் வாசல் பக்கம் திரும்பி, வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.