ஒரு ஜெபக்குறிப்பு

இந்நேரம் பார்த்து யாராவது இந்த வழியாக வந்தால் நன்றாயிருக்குமே.

குழாயடியில் தேவம்மாவின் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த வினிதாவுக்கு அப்படித்தான் தோன்றியது. வருகிறவர்கள் "உனக்கென்ன இது தலையெழுத்தா?" என்று கேட்பார்கள். "செய்யணும் இல்லையா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். அதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுவரை மனம் ஒத்திகை பார்த்து முடித்தது. பிறகுதான் வெட்கம் வந்தது. யாரும் வரவில்லை. மண்டி மொஹல்லா பேட்டையில் பகல் பதினொரு மணிக்கு அடுத்த வீட்டுக் குழாயடியை எட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

தேவம்மா அதே காம்பவுண்டில் எதிர்வீடு. கொள்ளேகால் பக்கத்துக்காரி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகும் அந்தக் கண் மட்டும் படுக்கவில்லை. புடவைக்கு ஃபால் தைத்துப் பிழைக்கும் வினிதா மடியில் வேலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், "அம்மணி, மூலைல நூல் சுருங்கீருக்குது பாரு. பிரி" என்பாள். சமைக்க நஞ்சம்மா என்று ஒருத்தி வந்துபோனாள். பெங்களூரிலிருந்து மகன் உமேஷ் ஞாயிறுதோறும் வந்தான். ஆனால் ராத்திரியில் நனைந்துபோகும் விரிப்பைத் தொட தேவம்மா விட்டது வினிதாவை மட்டும்தான். மகனுக்குக்கூட அது தெரியாது.

அந்த வாரம் வினிதா தன் சபையின் பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜெபக்குறிப்பு போட்டாள். யாருக்கு என்ன கஷ்டமென்று எழுதினால் அன்றைக்கே எல்லோரும் ஜெபிப்பது அங்கே வழக்கம். விவரமாக எழுதினால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்று பாஸ்டரம்மா ரூபா சொல்வார். வினிதா விவரமாகவே எழுதினாள்.

"என் எதிர்வீட்டு தேவம்மாவுக்கு இடுப்பு முறிவு. இரவில் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. தினமும் சுத்தம் செய்ய கர்த்தர் எனக்குப் பெலன் தர ஜெபிக்கவும்."

பதில்கள் கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. "உங்க ஊழியம் பெரிசு அக்கா" என்று ஸ்வாதி எழுதியிருந்தாள். அதை வினிதா மூன்று தரம் படித்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்வாதியும் இன்னும் இரண்டு பெண்களும் ஆரஞ்சுப் பழத்தோடும், பெரியவர்களுக்கான டயப்பர் கட்டோடும் தேவம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். உமேஷ் அப்போது அம்மாவுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"ராத்திரி நனையுதுன்னு வினிதாக்கா போட்டிருந்தாங்க ஆன்ட்டி. கவலையே படாதீங்க, நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்" என்றாள் ஸ்வாதி.

தேவம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நஞ்சம்மா வாசலை மறித்தாள். "உங்கள உள்ள விடவேண்டாம்னு சொல்லிட்டாங்க."

முதலில் வினிதாவுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை செய்தும் இதுதானா? நான் எழுதியதில் பொய் ஏதாவது உண்டா? ஜெபத்தில் உட்கார்ந்தும் இதையேதான் வாதாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் சாட்சிக்காகத் தான் எழுதியதையே எடுத்துப் படித்தாள். பொய் இல்லைதான். ஆனால் அந்த எலும்பு சேரவேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. தேவம்மாவின் வலியைச் சொல்லிவிட்டு, பெலனைத் தனக்குக் கேட்டிருந்தாள். தனக்குத் தேவைப்பட்டது ஜெபமல்ல, பார்க்கிற கண்கள்.

புதன்கிழமை அவள் நஞ்சம்மாவைத் தாண்டி உள்ளே போனாள்.

"என்னத்துக்கு வந்தே? இன்னும் எழுதறதுக்கு ஏதாச்சும் பாக்கி இருக்குதா?" என்றாள் தேவம்மா.

"தப்பு பண்ணிட்டேங்க்கா. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"ஆரஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ஆளுங்கள கொற சொல்ல மாட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஃபேக்டரில நூத்தம்பது பொம்பளைங்க எம்முன்னால நின்னு பேசப் பயப்படுவாங்க. எம்பையன் அன்னைக்கு எம்மூஞ்சியவே பாக்கல, அம்மணி."

"உங்களுக்காக எழுதறதா நெனச்சேன். எனக்காகத்தான் எழுதியிருக்கேன்."

தேவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், சட்டையில் விலகிய தையலைத் தேடுவதுபோல.

"உங்க சாமிகிட்ட சொல்லோணும்னா சொல்லிக்க. அவரு குரூப்புல போட மாட்டாரு." மூலையைக் கைகாட்டி, "நின்னுட்டே இருந்தா எப்படி? விரிப்பு ரெண்டு நாளா அப்படியே கெடக்குது."

அன்றைக்குக் குழாயடியிலும் அந்தப் பழைய நினைப்பு வந்தது. வந்தால் என்ன, இனி அதை அடையாளம் தெரியும். அவள் விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு குழுவில், தான் எழுதியது தவறென்றும், அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகவும், யாரும் அங்கே போகவேண்டாம் என்றும் எழுதினாள்.

அடுத்த ஞாயிறு, சபை வாசலில் செருப்பு விடும் இடத்தில் ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வர்ற வாரம் பெண்கள் ஞாயிறு. நீதான் மேடையேறி சாட்சி சொல்ற. பத்து நிமிஷம். அந்த அம்மா பேர் வேண்டாம். இந்தக் காலத்துல இப்படித் தன்னைத் தாழ்த்தி மன்னிப்புக் கேக்கறவங்க யாரு வினிதா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் சாட்சி தயாராகிவிட்டது. முதல் வரி, நிறுத்தவேண்டிய இடம், ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொள்ளப்போகும் இடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நல்ல சாட்சிதான். பார்க்கிற கண்கள் இந்த முறை இருநூறு.

"பேர் சொல்லாட்டியும் எங்க காம்பவுண்டு எல்லாருக்கும் தெரியும், பாஸ்டரம்மா."

"தாழ்மை சரி. அதுக்காக சாட்சியை மறைக்கலாமா?"

"மறைக்கலையே. என் தப்பைத்தான் குரூப்லயே எழுதிட்டேனே."

ரூபா சிரித்துவிட்டார். "நல்லாப் பேசற. புதன்கிழமை பேர் போட்டு நோட்டீஸ் அடிக்கக் குடுக்கணும். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன், பாஸ்டரம்மா" என்றாள் வினிதா, குரலை உயர்த்தாமல். "என் பேர் வேண்டாம்."