ஸோல் காட்லிப் சிரிப்பின் பக்கமே நின்றார்

என் கணவர் ஸோல் காட்லிப்பை உங்களில் சிலர் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் ஞாபகம் இருக்காது. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று, அவன்மேல் விழ வேண்டிய வாளித் தண்ணீரைத் தன் தலையில் வாங்கிக்கொள்வாரே, அவர்தான். ஹாலிவுட்டில் காலமெல்லாம் அப்படி நனைந்துகொண்டிருந்தவருக்குத் தலை நரைத்த பிறகுதான் ஒரு படத்தில் முதல் வேடம் கிடைத்தது.

அதில் அவர் மனைவியை இழந்த தையல்காரர். எங்கள் யூதக் குடும்பங்களில் சாவு விழுந்தால் குட்டை முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காப்போம். அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். படத்தில் அந்தத் தெரு விதவைகள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டு குகல் கொண்டுவருகிறார்கள். நூடுல்ஸும் முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த பண்டம் அது. எல்லாருக்கும் தையல்காரர்மேல் ஒரு கண். ஃப்ரிட்ஜ் நிரம்பி, அலமாரி நிரம்பி, கடைசியில் ஒரு தட்டு குகலை அவர் பியானோவுக்குள் ஒளித்துவைக்கிறார். படம் முடியும்போது, செத்துப்போன மனைவி என்றோ செய்து உறையவைத்திருந்த குகல் ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து வெளியே வரும். அதை அவர் தனியாகச் சாப்பிடுவார். அவ்வளவுதான் கதை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஸ்டுடியோவின் விளம்பர அதிகாரி வாரன் ப்ரெஸ்காட் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். பத்திரிகையாளர் சங்கம் ஒன்று வருஷா வருஷம் விருது கொடுக்கும். முதல் வேடக்காரர்களுக்கு அதில் இரண்டு பிரிவு. சீரியஸ் படங்களுக்கு ஒன்று, காமெடிக்கும் பாட்டுப் படங்களுக்கும் சேர்த்து இன்னொன்று. எதில் போட்டியிடுவது என்று ஸ்டுடியோ சொல்லும். சங்கத்தின் குழு ஒன்று படத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் மாற்றிவிடும்.

"ஸோல், காமெடிப் பக்கம் டெரன்ஸ் ஷா நிக்கிறான்," என்றார் வாரன். "மொட்டை மாடி மொட்டை மாடியா பாடி ஆடியிருக்கான். அவனை யாராலயும் அசைக்க முடியாது. சீரியஸ் பக்கம் இந்த வருஷம் ஆளே இல்ல. நீங்க போய் நின்னாலே போதும், விருது உங்களுக்குத்தான்."

"வாரன், நான் குகலை பியானோவுக்குள்ள வெச்சேன். அது சீரியஸா?"

"கடைசியில எல்லாரையும் அழ வெக்கிறீங்களே."

"அதுவரைக்கும் சிரிச்சாங்க, அதனால அழறாங்க. சிரிக்காம உட்கார்ந்திருந்தவன் எதுக்கு அழப்போறான்?"

எங்கள் மகள் நாடின் அப்போது நியூயார்க்கில் நடிப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். அவளும் வாரன் கட்சி.

"அப்பா, ஒரே ஒரு தடவை உங்களைப் பெரிய நடிகர்னு அவங்க சொல்லட்டுமே."

"இத்தனை வருஷம் நான் என்னம்மா பண்ணிட்டிருந்தேன், குழாய் ரிப்பேரா?"

நாடின் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று தெரியாது, எனக்குத் தெரியும். விருந்துகளில் யாராவது அவர் தோளைத் தட்டி, "நல்லா நடிக்கிறீங்களே ஸோல், எப்போ உருப்படியா ஏதாவது பண்ணப்போறீங்க?" என்பார்கள். அவர் அங்கே சிரித்து மழுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் ஏற்கெனவே பளபளக்கிற ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி துடைப்பார். ஆகவே கண்ணுங்களா, அவருக்கு வேண்டியிருந்தது விருது அல்ல. தான் செய்த வேலையை அதன் பெயரைச் சொல்லி மதிக்க வேண்டும், அதுதான்.

வாரன் கேட்கவில்லை. படம் ஸ்டுடியோவின் சொத்து. சீரியஸ் பிரிவுக்கே அனுப்பிவிட்டார். இனி அதை மாற்ற முடிந்தவர்கள் அந்தக் குழுவினர் மட்டும்தான்.

அவர்களுக்கு ஸ்டுடியோவின் சின்னத் திரையரங்கில் படம் காட்டினார்கள். பாலைவனக் காற்று அனலாக வீசிய ஒரு பிற்பகல். நடிகர்கள் உள்ளே போகக் கூடாது என்பது விதி. தாழ்வாரத்தைப் பற்றி விதி எதுவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் கதவோரமாக பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

வாரன் கருப்பு டை கட்டியிருந்தார். திரைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை லில்லிப் பூக்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டு ஒரு சொட்டு மது கொடுக்கவில்லை. அந்த ஊரில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. இறுதிச் சடங்கு நடத்துகிறவரைப்போலத் தணிந்த குரலில் அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. "இது ஆறாத துயரத்தின் கதை. படம் முடியும்வரை தயவுசெய்து அமைதி காக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்."

படம் ஓடத் தொடங்கியது. திரை எங்களுக்குத் தெரியாது, ஆனால் படம் மனப்பாடம் என்பதால் சத்தத்தை வைத்தே காட்சி புரிந்தது. முதல் விதவை வந்தாள். அமைதி. இரண்டாவது விதவை வந்தாள். பசடீனாவில் வெள்ளோட்டம் விட்டபோது ஜனங்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்த இடம் அது. இங்கே மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. ஃப்ரிட்ஜ் கதவு மூட மறுத்தது. அதற்கும் அமைதிதான்.

நாடின் கேட்டது நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தன் அப்பாவின் படத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் இருந்ததை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வாங்க வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் மெதுவாக.

ஸோல் காதைக் கதவோடு ஒட்டிவைத்திருந்தார். "உஷ். பாவம், அடக்கிட்டிருக்காங்க."

"சத்தமே இல்லையே."

"நாற்காலி கிறீச்சுங்குது பாரு. பிடிக்காதவன் ஆடாம அசையாம தூங்குவான். சிரிப்பை அடக்கறவன்தான் நெளிவான்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஹெட்டி, நம்ம மாக்ஸ் மாமா சாவு ஞாபகம் இருக்கா? ரபி பிரார்த்தனை சொல்றப்போ உனக்கு விக்கல் வந்துச்சே."

"எனக்கு விக்கல். கல்லறை வரைக்கும் சிரிச்சது நீங்க."

"சிரிக்கக் கூடாதுன்னு எல்லாரும் முறைச்சாங்க இல்ல, அதான். வாரன் எனக்கு எப்பேர்ப்பட்ட உதவி பண்ணியிருக்கான்னு அவனுக்கே தெரியாது."

அப்போது திரையில் அந்தத் தெருவின் யூத மதகுருவான ரபி துக்கம் விசாரிக்க வந்து, இறந்தவளுக்காக ஒரு பாட்டு வாசிக்கிறேன் என்று பியானோ முன்னால் உட்கார்ந்தார். கையை உயர்த்தி, கண்ணை மூடி, கட்டைகளை அழுத்தினார். இசை வரவில்லை. பொதக் என்று ஒரு சத்தம் வந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள். அது வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய க்ரூன்வால்ட் என்ற கிழவர் என்று பின்னால் தெரிந்தது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரபி மறுபடி அழுத்தினார். மறுபடி பொதக். இருமல் இரண்டாகி, நாலாகி, ஒரு பெண்ணின் மூக்கு வழியே கீச்சென்று கிளம்பி, அதற்கப்புறம் அறையே வெடித்தது. அடக்கிவைத்த எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. யாரோ நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த ஓசை கேட்டது. ஒரு லில்லிப் பூச்சாடியும் விழுந்தது.

வாரன் வெளியே ஓடிவந்தார். டை கழுத்தின் ஓரத்துக்குப் போயிருந்தது. "ஹெட்டி, நிறுத்தவே மாட்டேங்கறாங்க," என்று என்னிடம் முறையிட்டார், நான் ஏதோ பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி.

"உட்காருங்க வாரன்," என்றேன். "வேர்க்குது பாருங்க."

கடைசிக் காட்சியில் அதே அறையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. க்ரூன்வால்ட் கைக்குட்டையோடு வெளியே வந்து ஸோல் முன்னால் நின்றார்.

"மிஸ்டர் காட்லிப், எங்களைத் துக்கத்துக்குன்னு கூப்பிட்டு ஏமாத்திட்டாங்க. எனக்கு விலா வலிக்குது. இது காமெடி. வேற யாராவது வேற மாதிரி சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

குழு படத்தை அன்றைக்கே காமெடிப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. சேதி வந்ததும் நாடின் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கைக்கு வந்த விருது போச்சே அப்பா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

யாரும் நகத்தைக் கடிக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். விருது டெரன்ஸ் ஷாவுக்குத்தான் போனது. ஓட்டல் கூடத்தில், கோழிக்கறிக்கும் ஷாம்பெய்னுக்கும் நடுவில், டிவி கேமராக்களுக்கு முன்னால், போட்டியில் நின்ற ஐந்து பேரின் பெயரையும் வரிசையாக வாசித்தார்கள். "காமெடி, பாட்டுப் படங்களில் சிறந்த நடிகர்" என்று தொடங்கி, மூன்றாவதாக "ஸோல் காட்லிப்" என்றார்கள். அந்தப் பெயர் கூடத்தில் ஒலித்தபோது நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு தையல்காரர் தான் தைத்த கோட்டை வாடிக்கையாளர்மேல் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஷாவின் பெயரைச் சொன்னதும் எங்கள் மேஜையில் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

"அந்தப் பக்கம் நின்னிருந்தா இந்நேரம் விருது இந்த மேஜையில இருந்திருக்கும்," என்றார் வாரன்.

"மிஸ்டர் ப்ரெஸ்காட், எங்கப்பா காமெடியன்," என்றாள் நாடின். "அந்த ரொட்டிக் கூடையை இப்படித் தள்ளுங்க."

மறுநாள் மத்தியானம் ஃபேர்ஃபாக்ஸ் தெருவில் நாங்கள் வழக்கமாகப் போகும் உணவுக் கடைக்குப் போனோம். அங்கே சுவரோரம் ஒரு நீள மேஜை உண்டு. ஊரிலுள்ள கிழட்டுக் காமெடியன்கள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். ஒருவன் ஜோக்குக்கு இன்னொருவன் சிரிக்கமாட்டான், அது அந்த மேஜையின் சட்டம். மிகவும் பிடித்திருந்தால், "ம், சிரிப்புத்தான்," என்று சூப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். மேயர் வந்தாலும் எழுந்திருக்கமாட்டார்கள்.

ஸோல் உள்ளே நுழைந்ததும் அந்த மேஜை முழுக்க எழுந்து நின்றது. முழங்கால் வாதக்காரர் இர்விங் ஷாப்ஸ்கூட மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஸோலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "உட்காருங்கடா. தோத்துட்டு வந்தவனுக்கு எதுக்குடா எழுந்திருக்கீங்க?"

"உனக்கா? ஹெட்டிக்காக எழுந்தோம்," என்றார் ஒருவர்.

"அவன் தோத்த அழகுக்காக," என்றார் இன்னொருவர். "நான் இருபது தடவை தோத்திருக்கேன், ஒரு தடவைகூட டிவியில காட்டல."

ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது. இர்விங் என் பக்கம் திரும்பினார். வாழ்நாளெல்லாம் முட்டாளாகவும் குடிகாரனாகவும் நடித்து, உதட்டைக் கோணாமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு நேராகப் பேசினார்.

"நேத்து ராத்திரி எங்க வீட்டுல எல்லாரையும் டிவி முன்னால உட்கார வெச்சேன் ஹெட்டி. 'காமெடி'ன்னு சொல்லி நம்மாளு பேரை வாசிச்சாங்க. என் பேரப்பசங்க முன்னால வாசிச்சாங்க."

ஸோல் தொப்பியைக் கழற்றினார். பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டு, யார் அதிகம் குண்டாகிவிட்டார்கள் என்று உடனே சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.