கேமராவுக்கு முன்னால்

பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன், மனைவி போனபிறகு தனிக்கட்டை. தினமும் காலையில் அவர் கதவைத் தட்டி ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் நான் தையல் மெஷினில் உட்காருவேன். அவசரத்துக்கு என்று ஒரு சாவியும் என்னிடம் கொடுத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த அவர் மகன், ஹாலில் டி.வி.க்கு மேலே ஒரு கேமராவை மாட்டினான்.

"இனிமே நீங்க சிரமப்பட வேணாம் அத்தை. போன்லயே அப்பாவைப் பாத்துக்குவேன்."

"சிரமம்னு நான் சொன்னேனா?"

சிரித்து மழுப்பினான். எனக்கும் ரோஷம் இருக்காதா? தட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. காலையில் குளித்துத் தலைவாரிக் கேமராவுக்கு முன்னால் நிற்பார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அதற்குக் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். சட்டைக்கு அளவெடுக்கப் போனபோது, "தள்ளி நில்லு தங்கச்சி, பையனுக்கு மறைக்குது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் ஒரு காலையில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தண்ணீர் கேன் போடுகிறவர் பெல் அடித்து அலுத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். சாவி போட்டுத் திறந்தோம். கேமராவுக்கு நேர் கீழே தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மகன் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராண்டாவில் போனைத் திறந்து பதிவைக் காட்டினான். அண்ணன் தவழ்ந்து வருகிறார். வாசல் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஹாலுக்குள் போகிறார். கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். பிறகு விலகிய வேட்டியைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கிறார். ஜன்னல் வெயில் வந்து போகிறது. அப்போதும் காத்திருக்கிறார்.

"ஏன் அத்தை அப்பா கதவைத் தட்டல? தட்டியிருந்தா நீங்க ஓடி வந்திருப்பீங்களே!"

"நீ பாத்துக்குவேன்னு சொன்னியே, அதான்."

அவன் முகம் செத்துப்போனது. "அப்பா அசைஞ்சாலே போன்ல மணி அடிக்கும் அத்தை. மீட்டிங்ல தொந்தரவா இருந்துச்சு. ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்."

"எப்ப இருந்து?"

"மாட்டின வாரத்துல இருந்தே."

அப்படியென்றால் அத்தனை நாளும் அந்த மனுஷன் மாத்திரையை யாருக்குக் காட்டினார்? ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. பெற்றவர் உள்ளே கிடக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். கட்டிலை விட்டு எழ முடியாது. மகன் மண்டிபோட்டு, கட்டிலுக்கு எதிரே முழங்கால் உயரத்தில் இன்னொரு கேமராவை மாட்டினான்.

"இனிமே விழுந்தாலும் தவழ வேணாம்ப்பா. கீழேயே ஒண்ணு வச்சுட்டேன்."

அண்ணன் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். கேமரா பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரியறேனாடா?"

மகன் கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தான். குனிந்து போனைப் பார்த்துவிட்டு, "தெரியறீங்கப்பா" என்றான்.